பேர் தெரியாது

பிள்ளைகளே, இந்தத் தொடரின் இந்தக் கிழமைப் பகுதியைக் கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு தடவை தள்ளிப் போட்டேன். பத்திரிகை ஆசிரியரும் பொறுத்துக்கொண்டார். ஆறவில்லை. ஆகவே சூட்டோடேயே தருகிறேன்.

ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை. மொன்றியலில் ஒரு பழைய கோயிலின் அலுவலக அறை. மன்னாரில் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சூடாக்கிக்கு மேல் யாரோ காயப்போட்ட கம்பளிக் கையுறை மணந்துகொண்டிருந்தது. சப்பாத்துகளில் ஒட்டி வந்த பனி கரைந்து, எங்கள் காலடியில் உப்பும் சேறுமாகத் தேங்கி நின்றது.

மேசையில் தோல் அட்டை போட்ட ஞானஸ்நானப் புத்தகம் விரித்துக் கிடந்தது. அந்தப் பக்கம் அலுவலகப் பெண். இந்தப் பக்கம் நானும், நீங்கள் பாப்ச்சா என்று கூப்பிடுகிற ஹெலேனாவும். போலந்துக்காரர் அம்மம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உங்கள் அம்மா அன்னாவின் தாய். எனக்கு மாமி.

அலுவலகப் பெண் ஒரு வரியில் விரலை வைத்தார். "இதுதான், மதாம். உங்கள் ஞானஸ்நானம்."

மாமி கண்ணாடியை எடுக்கவில்லை. "நீ வாசி" என்றார் என்னைப் பார்த்து.

நான் மனதுக்குள் வாசித்தேன். தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் பிரெஞ்சில் இரண்டே சொற்கள். பேர் அன்கொன்யூ. தகப்பன் தெரியாது.

"வாசியன்."

"மாமி..."

"உனக்குக் கண் தெரியேல்லையோ? சத்தமா வாசி."

அவரே குனிந்து, பஸ் நிற்கிற இடத்தின் பெயரை வாசிப்பதுபோல அந்த இரண்டு சொற்களையும் சத்தமாக வாசித்தார். எழுபது தாண்டிய மனுசி. நல்ல கோட் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தவர்.

"அந்தக் காலம் அப்படி, மதாம்" என்றார் அலுவலகப் பெண். மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார்.

அந்த அன்பான சொல்லில்தான் எனக்கு முதலில் கோபம் ஏறியது.

ஒன்று சொல்ல வேண்டும். மாமி பேசுவது பிரெஞ்சும் இங்கிலிசும் போலிஷும் கலந்த ஒரு பேச்சு. நான் அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அவருடைய கோபத்துக்கு எங்கள் பேச்சு நன்றாகப் பொருந்துகிறது.

மரியாவின் வெறும் கட்டம்

இதைத் தொடக்கி வைத்தது நீதான், மரியா. பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் கீறிக்கொண்டு வரச் சொன்னார்கள். என் பக்கக் கட்டங்கள் எல்லாம் ஒரே இருப்பில் நிரம்பின. அம்மாவின் பக்கத்தில், பாப்ச்சாவின் தகப்பனுக்கு உரிய கட்டத்தில், நீ ஒரு கேள்விக்குறி போட்டாய்.

அந்த ஞாயிறு மத்தியானம் லாசாலில் மாமி வீட்டில் சாப்பாடு. வெளியே இரும்புப் படி ஏறிப் போகிற அந்த இரண்டாம் மாடி வீடு. முட்டைக்கோவா இலைக்குள் இறைச்சி சுற்றி அவித்திருந்தார். உன் தாளை எடுத்துப் பார்த்தார். நாலாக மடித்து, சூப் கோப்பைக்குக் கீழே வைத்தார்.

"அவருக்குப் பேர் இல்லையா, பாப்ச்சா?" என்று கேட்டாய்.

"பேர் இருக்கு. வொய்ச்செக் நோவாக். ஆள்தான் இல்லை. என்ர அம்மாவைக் கலியாணம் கட்டுறன் எண்டு ஏமாத்தினவன். எழுது, அதையும் எழுது பள்ளிக்கூடத்துக்கு."

உங்கள் அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். "அம்மா, பிள்ளைக்கு முன்னால..."

"பிள்ளையும் தெரிஞ்சு வைச்சிருக்கட்டும். மூண்டு ஓலை வாசிச்சுக் கட்டினவையாம். மூண்டு ஓலை! சாகுமட்டும் எல்லாரிட்டயும் இதையே சொன்னவ. எந்தக் கோயிலிலயும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை."

ஓலை வாசிப்பது என்றால் உங்களுக்குத் தெரியாது. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு நடுவில், இன்னார் இன்னாரைக் கட்டப் போகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் அறிவிப்பார். அதைத்தான் எங்கள் ஊரில் ஓலை என்போம். மாமி சொன்னது பிரெஞ்சுச் சொல். என் காதில் அது ஓலை என்றே விழுந்தது.

மாமியின் தாய் ரொஸாலியா. போலந்திலிருந்து வந்து, பணக்கார வீடுகளில் தரை துடைத்தவர். தன்னை ஒரு பிரெஞ்சுக் கோயிலில் வைத்து வொய்ச்செக் முறையாகக் கட்டினார் என்பதுதான் அவர் சொன்ன கதை. கட்டிய வருடமே குளிர்காலத்தில் வொய்ச்செக் வடக்கே காட்டுக்கு மரம் வெட்டப் போனாராம். மரம் விழுந்து அங்கேயே முடிந்தாராம். அப்போது மாமி வயிற்றில்.

பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறொரு கோயிலுக்குப் போனபோது, அங்கத்தைச் சுவாமியார் கலியாண எழுத்தைக் கேட்டார். ரொஸாலியாவிடம் கடதாசி இல்லை. பிரெஞ்சு தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. அந்த நாளில் கெபெக்கில் கோயில் புத்தகம்தான் அரசாங்கப் பிறப்புப் பதிவும். சுவாமியார் என்ன எழுதுகிறாரோ அதுதான் சட்டம்.

மாமிக்கு இருபது வயதில் கலியாணம் பேசினார்கள். பதிவின் பிரதி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, மாமி தன் தாயைப் பொய்க்காரி என்றார். ரொஸாலியா அந்தக் கலியாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவும் இல்லை. ரொஸாலியா செத்தபோது கல்லறைக் கல்லில் அந்த ஒரு பெயரை மட்டும் வெட்டச் சொன்னார் மாமி. நோவாக் என்று சேர்க்க விடவில்லை.

பதினைந்து வருடம் மருமகனாக இருந்து, இவ்வளவையும் நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

நீ விடவில்லை, மரியா. "நீங்களே புத்தகத்தைப் பார்த்தீங்களா, பாப்ச்சா? உங்கட கண்ணால?" என்று கேட்டாய். மாமி கோப்பைகளை அடுக்கினார். அவர் பார்த்தது பிரதியை மட்டும்தான். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

எஸ்ஸில் ஒரு ஆள், எக்ஸில் ஒரு ஆள்

இந்த இடத்தில் என் பழைய கோபம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

கோட்-டெ-நெய்ஜில் ஒரே அறையில் நாலு பேர் கிடந்தோம் என்று போன கிழமை எழுதினேன் அல்லவா, அந்த நாளில் பிரெஞ்சு வகுப்புக்குப் போவேன். முதல் நாள் ஆசிரியை என்னைப் பார்த்து, "வொத்ர பேர்?" என்றார். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. இவர்களும் பேரைப் பேர் என்றுதானே சொல்கிறார்கள்! எழும்பி நின்று "சவேரிமுத்து" என்றேன். அவர் கேட்டது என் தகப்பனை. பிரெஞ்சில் வொத்ர என்றால் உங்கள், பேர் என்றால் தகப்பன். அந்த வகுப்பு முடியுமட்டும் வரவு இடாப்பில் நானே எனக்குத் தகப்பனாக இருந்தேன்.

அந்த வகுப்பில் உதவிக்கு வந்தவள்தான் உங்கள் அம்மா. அவளுக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பூசைக்கு வந்த முதல் நாள், பெண்கள் எல்லாரும் புருசன்மாரை "இஞ்சருங்கோ" என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, "உங்கட ஆம்பிளையள் எல்லாருக்கும் ஒரே பேரா?" என்றாள். இன்றைக்கும் கோபம் வந்தால் நான் இஞ்சருங்கோதான்.

சிரித்தது போதும்.

எங்கள் கலியாணத்துக்கு என் ஞானஸ்நான எழுத்து மன்னாரிலிருந்து வந்தது. பழைய சுவாமியார்கள் லத்தீனில் எழுதி வைத்த புத்தகம். அதில் சவேரிமுத்து என்று யாரும் இல்லை. சவேரியுஸ் என்று ஒருவன் இருந்தான். கடவுச்சீட்டில் என் பெயர் எஸ்ஸில் தொடங்குகிறது. அதிலோ எக்ஸில் தொடங்கியது. இங்கத்தைச் சுவாமியார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது நீ?" என்றார்.

மாமியும் அந்த அறையில்தான் இருந்தார்.

"இரண்டு பேர் வைச்சிருக்கிறவன் இரண்டு பெண்டாட்டி வைச்சிருப்பான். ஊரில ஒருத்தி இருப்பாள், எழுதிக் கேளுங்கோ."

"இல்லை மாமி..."

"நான் உன்ர அம்மா இல்லை!"

மாமி என்று நான் சொல்வது அவருக்கு இங்கிலிசு மம்மியாகக் கேட்கும். எத்தனை தரம் விளங்கப்படுத்தியும் ஏறவில்லை.

எழுதித்தான் கேட்டார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று மன்னார்ச் சுவாமியாரிடமிருந்து கடிதம் வரும்வரை, ஊரில் ஒருத்தியை விட்டுவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். கடைசியில் கலியாணப் புத்தகத்தில் 'சேவியர் மனுவேல்' என்று எழுதினார்கள். மனுவேல் என் தகப்பன். சேவியர் யார் என்று எனக்குத் தெரியாது. பேனையை என் கையில் தந்தபோது மாமி காதுக்குள் சொன்னார்: "எழுதிக் கிடக்கிற மாதிரியே போடு. திரும்பவும் குழப்பாதை."

போட்டேன்.

குண்டூசித் துண்டு

திரும்பவும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மாமியின் ஞானஸ்நானம் இருந்த பக்கத்தில், துருப்பிடித்த குண்டூசியால் ஒரு துண்டுக் கடிதம் குத்தியிருந்தது. ரொஸாலியா சொன்ன பிரெஞ்சுக் கோயிலுக்கு அந்தக் காலத்துச் சுவாமியார் எழுதிக் கேட்டிருக்கிறார். இது அங்கிருந்து வந்த பதில். நாலு வரி. வொய்ச்செக் நோவாக் என்பவரின் கலியாணம் எங்கள் புத்தகத்தில் இல்லை. கீழே ஒரு கிறுக்கல்.

"பாத்தியா? எழுத்திலயே இருக்கு. எழும்பு, போவம்" என்றார் மாமி.

"அந்தக் கோயில் புத்தகத்தையும் ஒருக்காப் பாப்பம் மாமி."

"ஏன், அங்கயும் ஒருக்கா முகத்தில துப்பு வாங்கவோ?"

சொன்னாரே தவிர, வந்தார். கால்வாய்க்கரையில் இருந்த அந்தக் கோயிலை மூடி எத்தனையோ வருடம். புத்தகங்களை இன்னொரு கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கேயும் செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்களாம். நான் வேலை செய்கிற பேக்கரியில் இரண்டாம் தரமும் லீவு கேட்டேன். மேற்பார்வைக்காரன் மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

அங்கே இருந்தவர் வேறொரு பெண். கலியாணப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த பெயர் அட்டவணையைத் திறந்தார். விரல் கீழே இறங்கியது. "நோவாக்... நோவாக், ஆல்பேர். நோவாக், ஸ்டனிஸ்லாஸ். அவ்வளவுதான். வொய்ச்செக் இல்லை."

"வடிவாப் பாருங்கோ" என்றேன்.

"பார்த்துவிட்டேன், மிசியே." பிறகு மாமியின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தார். "அந்தக் காலம் அப்படி, மதாம். பிள்ளைகளுக்காக ஒரு கலியாணத்தைச் சொல்லி வைப்பார்கள்."

மாமி எழும்பினார். வெளியே படியில் பனி கண்ணாடிபோல உறைந்திருந்தது. கையை நீட்டினேன், பிடிக்கவில்லை. தெருமுனை டெப்பனேர் கடை வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"இப்ப உனக்குச் சந்தோசமோ? பதினைஞ்சு வருசம் காத்திருந்து பழி வாங்கிப்போட்டாய். என்ர அம்மா பொய்க்காரி எண்டு எனக்கு ஒருக்காத் தெரிஞ்சது போதாதெண்டு, இரண்டாம் தரமும் வாசிச்சுக் காட்டுறாய்."

பழி வாங்கவில்லை என்று சத்தம் போட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால், பிள்ளைகளே, அவர் குனிந்து அந்த இரண்டு சொற்களை வாசித்தபோது என் மனதின் ஒரு மூலையில், 'உங்களுக்கும் வந்ததா?' என்று ஒரு குரல் கேட்டது உண்மைதான். சத்தம் போட்ட அந்தக் கோபம் என்மேல்தான்.

அண்ணை விட்ட பிழை

ரொறொன்ரோவில் இருக்கிற என் அண்ணை ஞாயிறு பூசை முடிந்ததும் போன் எடுப்பார்.

"என்னடா சேவியர், குரல் செத்துக் கிடக்கு?"

என்னைச் சீண்ட வேண்டும் என்றால் சேவியர் என்பார். நடந்ததைச் சொன்னேன்.

"பாவம் அண்ணை அந்த மனுசி. புத்தகத்தில பேர் அன்கொன்யூ எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள்."

"என்ன கொன்னை?"

"அன்கொன்யூ. தெரியாது எண்டு அர்த்தம்."

"பேர் தெரியாதெண்டா வேற பேரில தேடுறதுதானே? இதுக்கேன் குடும்பமா இருந்து அழுறியள்?"

"அண்ணை, இஞ்ச பேர் எண்டா தகப்பன்."

"உங்கட பிரெஞ்சு எனக்கென்ன தெரியும்? பேர் தெரியாதெண்டு நீதானே சொன்னனி. உன்னையும் உப்பிடித்தானேடா மன்னாரில தேடினவங்கள். எஸ்ஸில ஆளைக் காணேல்லை எண்டு தேடோ தேடெண்டு தேட, நீ எக்ஸில போய்க் குந்திக்கொண்டிருந்தனி."

போனைக் காதில் வைத்தபடியே எழும்பிக் கோட்டைத் தேடினேன்.

"டேய், இருக்கிறியோ?"

"வையுங்கோ அண்ணை. பேந்து எடுக்கிறன்."

இரண்டு நிரல்

கோட்டை மாட்டிக்கொண்டு உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன்.

"ரொஸாலியாவின்ர செபப் புத்தகம் ஏதும் இருக்கோ, மாமி?"

"எறியிறதுக்கெண்டு வைச்சிருக்கிறன்" என்றார். முப்பது வருடமாக எறியாத புத்தகம். உல்லன் நூல்களுக்கு அடியில் இருந்து எடுத்து மேசையில் போட்டார். ரொஸாலியாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பூசையில் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மனப்பாடமாகச் செபிப்பாராம். மெழுகுதிரி மணம் இன்னும் போகவில்லை.

எங்கள் பழைய செபப் புத்தகங்களில் முன்னால் அர்ச்சியசிட்டவர்கள் என்கிற புனிதர்களின் திருநாள் அட்டவணை இருக்கும். இதிலும் இருந்தது. இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் போலிஷ். எனக்குப் போலிஷ் வாசிக்க வராது, எழுத்துத் தெரியும். தை மாதத்திலிருந்து வலப்பக்க நிரலில் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினேன்.

"என்ன தேடுறாய்?"

"உங்கட அப்பாவை."

மாமி கதிரையை இழுத்து இருந்தார்.

சித்திரை மாதப் பக்கத்தில் வந்தது. வலப்பக்கம் வொய்ச்செக். அதற்கு நேரே இடப்பக்கம் அடல்பெர்த்துஸ். எங்கள் சவேரிமுத்துவுக்கு எப்படிச் சவேரியுஸோ, அவர்கள் வொய்ச்செக்குக்கு அடல்பெர்த்துஸ். புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

உங்கள் அம்மா அதை லத்தீனில் ஒருதரம் சொன்னாள். பிறகு பிரெஞ்சுக்காரர் சொல்வதுபோல வாலை வெட்டிச் சொன்னாள். பிறகு தலையையும் வெட்டினாள். "அடல்பேர். ஆல்பேர்."

நோவாக், ஆல்பேர். அந்தப் பெண்ணின் விரல் முதலில் தொட்டுத் தாண்டிய பெயர். என் கண்ணுக்கு முன்னால்தான் தாண்டியது.

ரொஸாலியா இந்தப் பக்கத்தை ஞாயிற்றுக்குஞாயிறு மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்தின் அடியில்

மூன்றாம் செவ்வாய்க்கிழமை நான் லீவு கேட்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

"ஆல்பேர் நோவாக்கின் கலியாணம்" என்றேன் அலுவலகப் பெண்ணிடம்.

"ஆனால் நீங்கள் தேடியது வொய்ச்..."

"திறவுங்கோ" என்றார் மாமி.

திறந்தார். நல்ல வடிவான கையெழுத்து, அச்சடித்ததுபோல. இந்த முறை யாரும் கேட்காமலே நான் சத்தமாக வாசித்தேன். மூன்று ஞாயிறு பூசையிலும் மூன்று ஓலையும் வாசிக்கப்பட்டு, தடை ஒன்றும் வெளிப்படாததால், கூலித் தொழிலாளி ஆல்பேர் நோவாக்குக்கும், வீட்டு வேலைக்காரி ரொசலிக்கும்...

மூன்று ஓலையும் என்ற இடத்தில் மாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் அப்போதும் தலையை ஆட்டினார். "இது ஆல்பேர், மதாம். உங்கள் தகப்பன்தான் என்று எப்படி..."

நான் கடைசி வரிக்கு வந்தேன். மணமகள் தனக்கு எழுதத் தெரியாது என்றார். மணமகன் எங்களோடு கையெழுத்திட்டார்.

அதற்குக் கீழே சுவாமியாரின் சுழித்த கையெழுத்து. சாட்சியின் கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில், கோணலாக, பெரிதாக, பேனை முள் பிளந்து மை தெறிக்கும்படி அழுத்தி ஒன்று. அதில் ஆல்பேர் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு எழுத்தும் விடாமல், வொய்ச்செக் நோவாக்.

பிள்ளைகளே, அந்தக் கோயிலில் இருந்து இல்லை என்று நாலு வரி எழுதி அனுப்பினானே ஒருவன், அவன் அட்டவணையை மட்டும்தான் பார்த்திருக்கிறான். வருடம் தெரியும். வீட்டுப் பெயர் தெரியும். நோவாக் என்று இரண்டே ஆட்கள். அந்த இரண்டு பக்கத்தையும் திருப்பி அடியில் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கிற நேரம். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினான். ஒரு குழந்தையைத் தகப்பன் இல்லாதது ஆக்கினான். பிறகு போய்ப் பூசை கண்டிருப்பான்.

மாமி விரலை அந்தக் கையெழுத்தில் வைக்கவில்லை. அதற்கு மேலே காற்றில் வைத்திருந்தார்.

"அம்மா பொய் சொல்லேல்லை" என்றார். பிறகு, "நான்தான்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை.

"அந்தக் காலம்..." என்றார் அலுவலகப் பெண்.

"காலமோ பேனை பிடிச்சது?" மாமி திரும்பிய வேகத்தில் கைப்பை கீழே விழுந்தது. "ஒரு மனுசன் பிடிச்சவன்! அவனுக்குப் பக்கம் திருப்பப் பஞ்சி, சோம்பேறி!"

அந்தப் பெண் குனிந்து கைப்பையை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தைப் பிரதி எடுத்து முத்திரை குத்தினார். ஞானஸ்நானப் பதிவைத் திருத்த வேண்டும் என்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், நாள் எடுக்கும் என்றார்.

"எனக்குக் கோடு கச்சேரி வேண்டாம். கல்லு வெட்டுறவன்ர போன் நம்பர் தா."

பஸ் வர நேரம் இருந்தது. இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமி கேட்டார்.

"உன்ர கலியாணப் புத்தகத்தில நீ என்ன பேர் போட்டனி?"

"சேவியர்."

"நான்தானே போடச் சொன்னனான்."

"ஓம் மாமி."

"என்னை மம்மி எண்டு கூப்பிடாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்றார். பஸ் வந்தது. ஏறும்போது என் கையைப் பிடித்தார்.

பனி கரைந்ததும் ரொஸாலியாவின் கல்லில் நோவாக் என்று வெட்டினார்கள். நீயும் பார்த்தாய், மரியா. உன் தாளில் கேள்விக்குறியை அழித்துவிட்டு நீயே எழுதினாய், ஒரு எழுத்தும் பிழைக்காமல். பாப்ச்சாவின் கோபம் போய்விட்டதா என்று கேட்டாய். போகவில்லை. தாயின் மேலிருந்த கோபம் இப்போது அவர் மேலேயே திரும்பியிருக்கிறது. கல்லறைக்குப் போனால் பூவை வைத்துவிட்டு நிற்காமல் வந்துவிடுகிறார்.

என் கோபமும் போகவில்லை. அந்த மனிதன் கூலிக்காரன். பிரெஞ்சு தெரியாது. மேலே சுவாமியார் ஆல்பேர் என்று வடிவாக எழுதி வைத்திருக்க, பேனையை வாங்கி, முள் பிளக்க அழுத்தித் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். நான் எட்டாம் வகுப்புப் படித்தவன். என் கையில் பேனை தந்தபோது, குழப்பாதே என்று ஒருவர் சொன்னதும், அவர்கள் எழுதிய பெயரையே எழுதினேன். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தில் என்னைத் தேடினால் மேலேயும் சேவியர், அடியிலேயும் சேவியர். கண்டுபிடிக்க ஒரு வழியும் நான் விட்டுவைக்கவில்லை.

இந்தத் தொடரையும் இத்தனை கிழமையாக அந்தப் பெயரில்தான் எழுதி வந்தேன். மாற்றச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டபோது, "வாசகர்கள் குழம்புவார்கள், அண்ணை" என்றார். குழம்பட்டும் என்றேன்.

மனுவேல் சவேரிமுத்து,
உங்கள் பேர்.